காதைத் தொடாத விரல்கள்

1

கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைத்தால் ஒரு மணம் எழும். பச்சையாக, லேசான கசப்போடு, அடியில் நனைந்த கல்லின் குளிர்ச்சியோடு. ஜூன் மாதத் தூறல் விட்ட ஒரு காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் குழாயடியில் குந்திக்கொண்டு போன வருஷத்துச் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் ஜன்னல் வழியாக என் மேசைக்கு வந்தது. எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் படுத்துக்கொண்டது.

ஆம்பூரில் நான் படித்த பள்ளிக்குப் பின்னால் தோல் ஊறும் தொட்டிகள் இருந்தன. அந்த நாற்றத்தை எங்களிடமிருந்து சற்று நேரம் விலக்கி வைத்தது கோவை இலைதான். வேலியில் பறித்து ஜன்னல் கம்பி வழியாக எனக்குக் கொடுப்பவள் என் அக்கா. கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பாள். உள்ளே வந்ததில்லை. எனக்குப் பின் பிறந்தவன் அவள் இடுப்பில் இருந்தான். அவனுக்கு முன் அந்த இடுப்பில் நான் இருந்தேன்.

இதை அக்கா படிக்க மாட்டாள். யாராவது படித்துக் காட்டினால், அவள் கோபிக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் எழுதத் துணிவு வருகிறதா, அதனால்தான் எழுதக் கூசுகிறதா, சொல்லத் தெரியவில்லை.

2

கப்பலேறிப் போனவர்கள் எழுதும் குறிப்புகளில் கடல் இருக்கும், பனி இருக்கும். நான் தாண்டியதெல்லாம் ஜோலார்பேட்டை. ரயிலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பெங்களூர் தண்டு ஸ்டேஷன் வந்துவிடும். இருந்தாலும் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த பிறகு, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நாங்கள் இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டோம்.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒரு சுவருக்கு அப்பால் பாத்திமா பீ தக்னி உருதுவில் கோழிகளைத் திட்டுவார். எதிர்வீட்டில் கன்னடத்தில் தாலாட்டு. எங்கள் வீட்டில் தமிழ், அதாவது நான் வீட்டில் இருக்கும்போது. என் மகள் பூங்கோதை மூன்று வீட்டுச் சோற்றையும் தின்று வளர்கிறவள். போதும் என்பதற்கு 'சாகு' என்பாள். வேண்டாம் என்பதற்கு 'பேடா'. தம்பியை அவசரப்படுத்தும்போது 'ஜல்தி, ஜல்தி'. ஊரிலிருந்து ஓர் இலக்கிய நண்பர் வந்திருந்தார். அவர் நீட்டிய வாழைப்பழத்தைப் பார்த்து, "பேடா மாமா, இப்பத்தான் தின்னேன்" என்றாள். நண்பர் சிரித்தார். என் முகம் எனக்கே தெரிகிற மாதிரி சுருங்கிப்போயிற்று.

அவளை அந்த ஜூனில் பள்ளியில் சேர்க்காமல் ஒரு வருஷம் தள்ளிப் போட வேண்டும் என்று நான் சொன்னபோது, காரணமாகக் காட்டியது இந்த மொழிக் கலப்பைத்தான். நல்ல காரணம். யாரும் மறுக்க முடியாத காரணம். அது காரணமே இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

3

என் மனைவி ராஜம்மாள் துணி மில்லில் நூல் சுற்றுகிறாள். காலையில் சங்கு ஊதுவதற்குள் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். எனக்குத் தொழிற்சாலையில் எப்போதும் செகண்ட் ஷிப்ட். நானே கேட்டு வாங்கியது. மத்தியானம் நான் கிளம்பியதும் குழந்தைகள் பாத்திமா பீ வீட்டுக்குப் போய்விடும், ராஜம்மாள் வரும்வரை. நடுவில் இருக்கும் காலை நேரம் முழுதும் நான் வீட்டில். கைக்குழந்தை அறிவழகனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது ஏற்பாடு.

நான் எழுதினேன்.

அவனைப் பார்த்துக்கொண்டவள் கோதை. புடவைத் தூளியின் கயிற்றை இழுப்பாள். பால் புட்டியைப் பிடிப்பாள். அவன் சிணுங்கத் தொடங்கினால் இடுப்பில் ஏற்றிக்கொண்டு குழாயடி வரை போய் வருவாள். அந்த எடைக்கு அவள் உடம்பு ஒரு பக்கமாக வளைந்து நடக்கும். நான் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். பார்த்து, அந்த வளைவைப் பற்றி எழுதியும் இருக்கிறேன். 'சின்னத் தாய்' என்று அந்தப் பகுதிக்குப் பெயர் வைத்தேன். இந்தப் பத்திரிகையில்தான் வந்தது. படித்துவிட்டுக் கண் கலங்கியதாக உங்களில் சிலர் கடிதம் போட்டிருந்தீர்கள். அந்தக் கடிதங்களை நான் படித்த காலையிலும் தூளிக் கயிறு அவள் கையில்தான் இருந்தது.

பேச்சை எடுத்தவள் ராஜம்மாள். மில்லுக்குக் கிளம்பும் அவசரத்தில், தலையில் பூ கூட வைக்காமல் நின்று சொன்னாள்.

"கோதைக்கு வயசாயிடுச்சி. இந்த மாசம் இஸ்கூல்ல வுட்றணும்."

"இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"அவளுக்குத் தமிழ் இன்னும் வேர் பிடிக்கலை. வாயைத் திறந்தா மூணு பாஷை வருது. ஒரு வருஷம் வீட்டிலேயே வெச்சு நானே சொல்லிக் குடுக்கறேன்."

"இதுவரைக்கும் ஒரு எழுத்தாவது சொல்லிக் குடுத்துக்கீறீங்களா?"

நான் பேச்சை மேலே தூக்கினேன். குழந்தைப் பருவம் வானம் மாதிரி, அதை நாலு சுவருக்குள் அடைக்க ஏன் இத்தனை அவசரம் என்றேன்.

ராஜம்மாள் எங்கள் ஒற்றை அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். "இந்த வூட்டுக்கு எத்தினி செவுரு?" என்று கேட்டுவிட்டுச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பி, "எனக்கு லீவு கிடைக்காது. நீங்கதான் கூட்டிக்கினு போகணும்" என்றாள்.

கோதை பிறந்தது ஆம்பூரில், வீட்டில். பிறப்பை எங்கும் பதியவில்லை. அதற்கு வழி உண்டா என்று இங்கே ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நல்லவர், பொறுமையாகவே சொன்னார். "ஆம்பூரா? அது பேரே ராஜ்ய ஸ்வாமி. அல்லே கேளி." அது வேறு மாநிலம், அங்கே போய்க் கேளுங்கள். வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு லேசான சந்தோஷம். பிறந்த சீட்டு இல்லாவிட்டால் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள், நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று மனம் கணக்குப் போட்டது.

4

பள்ளிக்குப் போகிற அன்று அறிவழகனைப் பாத்திமா பீயிடம் விட்டோம். அவர் என்னை 'ஷாயர் சாப்' என்றுதான் கூப்பிடுவார். கவிஞர் ஐயா என்று அர்த்தம். பாதி மரியாதை, பாதி வேறு.

"க்யா ஷாயர் சாப், காலையில வெளிய கிளம்பிட்டீங்க. பேனாவுக்கு உடம்பு சரியில்லையா?"

கோதை சிரித்தாள். தலையை வாரி, சிவாஜிநகரில் ராஜம்மாள் வாங்கி வந்த பாவாடையைக் கட்டியிருந்தாள். இடுப்பில் யாரும் இல்லாததால் நடை அவளுக்குப் புதிதாக இருந்தது. இரண்டு எட்டுக்கு ஒரு தரம் குதித்தாள்.

என் கணக்கு பலிக்கவில்லை. சீட்டு இல்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் என்ன செய்வார்கள் என்பது தெருவுக்கே தெரியும். வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு போய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயது ஆகிவிட்டது. தெருப் பிள்ளைகள் அதையே ஒரு விளையாட்டாக வைத்திருந்தார்கள். கோதைக்குப் பொங்கலுக்கே எட்டிவிட்டது. தொட்டது போதாமல் காது மடலைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள்.

வழியில் நான் சொன்னேன். குரலை எவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டேன் என்பது இப்போதும் காதில் இருக்கிறது.

"கோதை, கை எட்டலைன்னா பரவாயில்லை. நீ வீட்டிலேயே இருந்து தம்பியைப் பார்த்துக்கலாம். அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கும்."

"எட்டினா?"

"எட்டினா இஸ்கூல்ல விட்டுட்டு வந்துடுவேன்."

அதற்குப் பிறகு அவள் குதிக்கவில்லை.

பொய் சொல்லச் சொன்னேனா? இல்லை. அந்த வாக்கியத்தை எந்த நீதிபதி முன்னாலும் வைக்கலாம். சொற்களை எங்கே நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது தெரிந்தவன்தான் அப்படிப்பட்ட வாக்கியத்தைச் செய்ய முடியும்.

தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய டீச்சரம்மா என்பார்கள். வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"பிறந்த சீட்டு?"

"இல்லைங்க. ஆம்பூர்ல பிறந்தா."

"இங்க பாதிப் பேர் அப்படித்தான். பாப்பா, இங்க வா. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் அந்தக் காதைத் தொடு."

கோதை கையைத் தூக்கினாள். கை உச்சி வகிட்டைத் தாண்டிற்று, மறுபக்கம் இறங்கிற்று. காதுக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் அவள் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள். மொட்டுப்போல மூடிய கை முடியின் மேல் நின்றது. முகத்தில் எட்டாத பிள்ளைகளின் அந்த முக்கல் கூட இருந்தது. ஆனால் கண் டீச்சரம்மாவிடம் இல்லை. என்னிடம் இருந்தது.

டீச்சரம்மா ஒரு பார்வை பார்த்தார். "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று அடுத்த பிள்ளையை அழைத்தார்.

"சரிங்க" என்றேன்.

ஒரு வார்த்தை போதும். 'விரலை நீட்டும்மா' என்றால் போதும். வார்த்தைகளோடு பிழைக்கிறவன் என்று தெருவில் பெயர் எடுத்தவனுக்கு அது கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். பள்ளி கண்ணுக்கு மறைந்ததும் கேட்டாள்.

"சரியா செஞ்சனாப்பா?"

கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

5

ராஜம்மாளிடம் "எட்டலையாம்" என்றேன், பக்கத்தில் நின்று பார்த்தவன், யாரோ சொல்லக் கேட்டவனைப்போல. அவள், "அப்பிடியா, போனா போவுது" என்று அடுப்பை ஊதினாள். அந்த வாரம் நான் எழுதாமல் தவித்தேன் என்று சொல்ல ஆசைதான். நன்றாக எழுதினேன். தூளி ஆடிற்று, வீடு அமைதியாக இருந்தது, பேனா ஓடிற்று.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல். ராஜம்மாள் பலகை போட்டுக் கோதையை உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோதையின் மடியில் தம்பி. அவன் வழுக்கி விழாமல் இருக்க இடது கையால் அவனை அணைத்துப் பிடித்திருந்தாள். எண்ணெய் ஒரு கோடாக வழிந்து இடது காதுக்குள் இறங்கிற்று. விளையாட்டில் பழகிய வலது கை, தானாக, தலைக்கு மேலாகச் சுற்றிப் போய்க் காதைத் துடைத்து, மடலை ஒரு இழு இழுத்துவிட்டுத் திரும்பிற்று.

ராஜம்மாளின் கை நின்றது.

"எங்க, இன்னொரு தபா தொடு."

கோதை தொடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். தொடலாமா என்று கேட்கிற பார்வை. அவள் பார்த்ததை ராஜம்மாள் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மிச்ச எண்ணெயைத் தேய்த்தாள். வெந்நீர் ஊற்றினாள். தலை துவட்டி, சிக்கெடுத்து, பின்னி முடித்துப் பிள்ளைகளை வெளியே அனுப்பினாள். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"எட்டாத கையிலதான் இத்தினி மாசமா புள்ளையத் தூக்கிக்கினு நிக்கிறாளா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க பாத்துக்கிறீங்கன்னு நெனச்சிக்கினு நான் மில்லுல நிம்மதியா நூல் சுத்திக்கினு கீறேன். சம்பளம் போனாலும் போவுது, நாளைக்கு லீவு போட்டு நானே கூட்டிக்கினு போறேன்."

"வேண்டாம். நானே போறேன்."

"எதுக்கு? அங்க போயி இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கிக்கினு வர்றதுக்கா நீங்க போறீங்க?"

அந்தக் கோபத்திலும் 'நீங்க' என்றாள். 'நீ' என்று வைதிருந்தால் தேவலை என்று தோன்றியது.

6

இந்த முறை அறிவழகனை நானே தூக்கினேன். பாதி வழியில் நழுவி நழுவி என் முழங்காலுக்கு வந்துவிட்டான். "அப்பிடி இல்லப்பா, ரெண்டு காலையும் ரெண்டு பக்கம் போடு" என்றாள் கோதை. போட்டேன். உட்கார்ந்துகொண்டான். இதைக் கூட நான் அறியாமல் இருந்திருக்கிறேன்.

டீச்சரம்மா எங்களை மறக்கவில்லை. "என்ன, ஒரு வாரத்துல வளர்ந்துட்டாளா?"

"அன்னிக்கே எட்டுச்சுங்க. நான் சொன்ன பேச்சால விரலை மடக்கிட்டா. வீட்ல இவனைப் பார்த்துக்க ஆள் வேணும்னு நான்தான்..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வயசைக் கூட்டிச் சொல்லிச் சேர்க்க வர்ற அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கேன். குறைக்க வந்தவர் நீங்க ஒருத்தர்தான். என்ன வேலை?"

"செகண்ட் ஷிப்ட்ல இருக்கேன்."

"அப்ப காலையில வீட்லதானே இருப்பீங்க?"

"எழுதுவேங்க."

"என்ன எழுதுவீங்க?"

உண்மையைச் சொன்னேன். "குழந்தைகளைப் பத்தி."

பக்கத்தில் நின்ற இளம் ஆசிரியை ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. அவர் சிரித்திருக்கலாம்.

"சரி, ஒண்ணு பண்ணலாம்" என்றார். "தம்பி தங்கச்சியைத் தூக்கிட்டு வர்ற பொண்ணுங்க இங்க இருக்காங்க. பின்னால ஒரு துணி விரிச்சுப் படுக்க வெச்சுப்பாங்க. இவளும் வேணும்னா தூக்கிட்டு வரட்டும். பாடம் ஒரு காதுல விழும்."

"நான் தூக்கிக்கினு வரேன் டீச்சர்" என்றாள் கோதை உடனே. கையையும் நீட்டிவிட்டாள், என்னிடமிருந்து அவனை வாங்கிக்கொள்ள.

வாசகர்களே, இந்தக் குறிப்பில் எனக்கு மிகவும் கூசுகிற இடம் இதுதான். விரலை மடக்கிய இடம் அல்ல. நான் யோசித்தேன். அவளுக்குப் பள்ளியும் ஆயிற்று, எனக்குக் காலையும் ஆயிற்று என்று ஒரு வழி திறந்து கிடந்தது. அதற்குள் பாதி தூரம் நடந்தும் போய்விட்டேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே இலையோடு நின்ற அக்காவை உள்ளே கொண்டுவந்து பின்வரிசையில் நிறுத்தி, அதைப் பெரிய முன்னேற்றம் என்று எண்ணிக்கொள்ளவும் தயாராகிவிட்டேன். கோதையின் நீட்டிய கைக்கு மகனைக் கொடுக்க என் கை தளர்ந்ததை அவள் உணர்ந்திருப்பாள். அவன்தான் என் சட்டையை விடவில்லை.

"வேணாம்மா" என்றேன். தாமதமாகத்தான் சொன்னேன். "இவன் என்கிட்டயே இருப்பான்."

டீச்சரம்மா மறுபடி காதைத் தொடச் சொன்னார். கோதை முதலில் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் தொட்டாள். அந்தத் தலையாட்டலுக்கு அவள் காத்திருந்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை.

7

இப்போது காலை அறிவழகனுடையது. இதை எழுதுகிற காகிதத்தின் ஒரு மூலை அவன் வாய்க்குள் போய் வந்தது. அச்சுக்கோப்பவர் மன்னிக்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பால் சூடாகிறது, துணி மாறுகிறது. எழுத்து முன்போல ஓடுவதில்லை. அதை ஒரு தியாகமாகச் சொல்லிவிடப் போகிறேனோ என்று எனக்கே பயமாக இருப்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

முதல் நாள் மட்டும் சொல்ல வேண்டும். மகனை இடுப்பில் வைத்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பாத்திமா பீ வாசலில் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். கிண்டலுக்காக எவ்வளவோ தேடினேன். அதில் கிண்டல் இல்லை. அதனால் இன்னும் வேகமாக நடந்தேன்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். அப்பன் காலைக் கட்டிக்கொண்டு ஒருவன், தரையில் உருண்டுகொண்டு ஒருத்தி. கோதை அழவில்லை. வேலைக்குப் புதிதாக ஆள் வைத்துவிட்டுப் போகிற வீட்டுக்காரியைப் போல நின்று என்னிடம் சொல்லிக்கொண்டே போனாள். பாலை ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். மண்ணை வாயில் போட்டால் திட்டாமல் விரல் விட்டு எடுக்க வேண்டும். தூங்கும்போது முதுகில் தட்ட வேண்டும், வயிற்றில் தட்டினால் விழித்துக்கொள்வான்.

"சரிம்மா" என்றேன். "நீ போ."

தம்பியின் காலை ஒரு தரம் அழுத்தினாள். படியேறி, வராந்தாவில் நின்று, என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, மறுபடி இறங்கி வந்தாள். யாருக்கும் கேட்காமல், என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்.

"நீ பாட்டுக்கு எழுதுப்பா. அவன் சத்தம் போடமாட்டான். நான் பழக்கி வச்சிருக்கேன்."